வானத்தில் ஓர் ஆசிரியர்

(பத்தாம் வகுப்பு மாணவி)

தேர்வு என்றாலே நம்மில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். பத்தாம் வகுப்பில் இருக்கும் எங்களுக்கோ சொல்லவே வேண்டாம்! பொதுத் தேர்வு முடிந்துவிட்டால் இந்தத் தொல்லை ஒருவாறு தீரும் என்று எங்களுக்கு நாங்களே ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் படித்து முடித்து, உரிமமும் பெற்று, பல்லாண்டு அனுபவமும் அடைந்த பிறகும் ஆண்டுதோறும் தேர்வு எழுதுகிறவர்கள் உலகில் இருக்கிறார்கள். அவர்கள் விமானிகள். அவர்களுள்ளும், ஒரு காசு ஊதியம் வாங்காமல் தொண்டுக்காக விமானம் ஓட்டும் ஒரு கூட்டத்தாரைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம். அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர் யார்? அவர்களைச் சோதிப்பவர் யார்? அந்த இருவரும் எவ்வாறு உருவாகிறார்கள்?

தொண்டு செய்யும் விமானிகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ‘சிவில் ஏர் பேட்ரோல்’ என்ற ஓர் அமைப்பு உண்டு. இது 1941-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் தோற்றுவிக்கப்பட்டது. அதற்கு ஆறு நாட்களுக்குப் பின் ஜப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கின. அமெரிக்காவும் இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. அக்காலத்தில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரை வரை வந்து எண்ணெய்க் கப்பல்களை மூழ்கடித்தன. கடலைக் கண்காணிக்கப் படையிடம் போதிய விமானங்கள் இல்லை. அப்போது சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருந்த சாதாரணக் குடிமக்கள் முன்வந்தனர். 1942 மார்ச் முதல் 1943 ஆகஸ்ட் வரை அவர்கள் கடலின்மேல் காவல் பறந்தனர். அப்பணியில் உயிர் நீத்தவர்களும் உண்டு.

போர் முடிந்தபின் 1948-இல் ஒரு சட்டத்தின் மூலம் இவ்வமைப்பு அமெரிக்க விமானப் படையின் துணை அமைப்பாயிற்று. இன்று இதற்கு மூன்று கடமைகள். காணாமற்போன விமானங்களைத் தேடுவதும், வெள்ளம், புயல் வந்த இடங்களை மேலிருந்து படம் எடுப்பதும் முதற் கடமை. விமான அறிவியலை மக்களுக்கும் பள்ளிகளுக்கும் எடுத்துச் சொல்வது இரண்டாவது. பன்னிரண்டு வயது முதலே சேரக்கூடிய ‘கேடட்’ எனப்படும் இளம் உறுப்பினர்களைப் பழக்குவது மூன்றாவது. நமது நாட்டின் தேசிய மாணவர் படையை, அதாவது என்.சி.சி.யை நினைத்துக்கொண்டால் இந்தக் கேடட்டுகளை எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

இங்கே விமானம் ஓட்டுபவர்கள் வார நாட்களில் வேறு வேலை பார்ப்பவர்கள். மருத்துவராக, பொறியாளராக, ஆசிரியராக, கடைக்காரராக இருப்பார்கள். ஓட்டுவதோ பெரும்பாலும் ‘செஸ்னா’ என்னும் ஒற்றை என்ஜின் விமானம். நான்கு பேர் அமரலாம். வெளியே பார்ப்பதற்கு ஒரு காருக்கு இறக்கை வைத்ததுபோல இருக்கும்.

உரிமம் இருந்தால் போதாதா?

அமெரிக்கச் சட்டப்படி ஒருவர் தனியார் விமானி உரிமம் பெற வயது பதினேழு நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது 40 மணி நேரமாவது பறந்து பழகியிருக்க வேண்டும். அதன்பின் எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, பறந்து காட்டும் தேர்வு என மூன்றிலும் தேற வேண்டும். உரிமம் கையில் வந்தபிறகும் 24 மாதங்களுக்கு ஒருமுறை ஒரு பயிற்றுநருடன் அமர்ந்து தன் திறமையைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

சிவில் ஏர் பேட்ரோலுக்கு இது போதவில்லை. தன் விமானத்தைத் தொடவேண்டுமானால் ஆண்டுக்கு ஒருமுறை தன் சொந்தத் தேர்விலும் தேறவேண்டும் என்று அது விதித்திருக்கிறது. அத்தேர்வை நடத்தும் அனுபவசாலிக்குத்தான் ‘செக் பைலட்’ என்று பெயர். அவர் பதிவு செய்யும் தாளின் எண்ணை வைத்து உறுப்பினர்கள் இத்தேர்வை ‘படிவம் ஐந்து’ என்றே அழைப்பது வழக்கம்.

ஏன் இத்தனை கண்டிப்பு? காரணம் எளியது. மறதி மனிதர் எல்லோருக்கும் பொது. சைக்கிள் ஓட்டக் கற்றால் மறக்காது என்பார்கள். ஆனால் வானத்தில் என்ஜின் நின்றுபோனால் என்ன செய்வது என்பது தினமும் செய்யும் வேலை அன்று. பல விமானிகளுக்கு அது வாழ்நாளில் ஒருமுறைகூட நேராது. நேராத ஒன்றுக்குக் கையும் மனமும் எப்போதும் ஆயத்தமாக இருக்க வேண்டுமானால், யாராவது அதை நம்மிடம் அடிக்கடி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா?

தேர்வு நாளில் நடப்பது

தேர்வு தரையிலேயே தொடங்கிவிடுகிறது. விமானத்தில் ஏறப்போகிறவர்கள் எத்தனை பேர், அவர்கள் எடை என்ன, எரிபொருள் எவ்வளவு, இவை எல்லாம் சேர்ந்தால் விமானம் தாங்குமா என்று விமானி கணக்கிட்டுக் காட்ட வேண்டும். வெயில் கடுமையாக இருந்தால் காற்று அடர்த்தி குறையும். இறக்கைக்குக் கிடைக்கும் தூக்கு விசையும் குறையும். ஓடுபாதையில் அதிக தூரம் ஓடிய பிறகே விமானம் மேலெழும். இதையும் அவர் சொல்ல வேண்டும். நாங்கள் இயற்பியல் வகுப்பில் படிக்கும் அடர்த்தி இங்கே உயிரைக் காக்கும் பாடமாகிவிடுகிறது!

பிறகு விமானத்தைச் சுற்றிவந்து சோதிக்க வேண்டும். எரிபொருள் தொட்டியின் அடியிலிருந்து சிறிதளவு பெட்ரோலைக் கண்ணாடிக் குவளை போன்ற ஒரு பாத்திரத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். தண்ணீர் கலந்திருந்தால் அது கனமாகையால் அடியில் தங்கித் தனியே தெரியும். ஒரு கரண்டித் தண்ணீர் என்ஜினை நிறுத்திவிடக்கூடும்.

மேலே சென்றபின் மெதுவாகப் பறத்தல், செங்குத்தாகச் சாய்ந்து திரும்புதல், குறுகிய பாதையில் இறங்குதல் முதலியவற்றைச் செய்து காட்ட வேண்டும். எதிர்பாராத ஒரு நேரத்தில் செக் பைலட் என்ஜினின் விசையைக் குறைத்துவிட்டு, “உங்கள் என்ஜின் நின்றுவிட்டது, இப்போது என்ன செய்வீர்கள்?” என்று கேட்பார். என்ஜின் நின்ற விமானம் கல்லைப்போல் விழுந்துவிடுவதில்லை. சரியான வேகத்தில் வைத்துக்கொண்டால் பருந்துபோல வழுக்கிச் செல்லும். சிறிய செஸ்னா விமானம் ஆயிரம் அடி உயரத்திலிருந்து ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டர் தூரம் வழுக்கிப் போகும். அதற்குள் விமானி வேகத்தைச் சரிசெய்து, இறங்குவதற்கு ஏற்ற வயலைத் தேர்ந்து, காற்றின் திசை பார்த்து, என்ஜின் நின்ற காரணத்தையும் தேட வேண்டும். அவர் அந்த வயலைச் சரியாக அடைவார் என்பது தெரிந்ததும் செக் பைலட் விசையைத் திரும்பக் கொடுத்துவிடுவார். விமானம் மீண்டும் மேலேறும்.

பயிற்றுநர் ஆவது எப்படி?

செக் பைலட் ஆகவேண்டுமானால் முதலில் பயிற்றுநர் ஆகவேண்டும். அதுவே ஒரு நீண்ட படிக்கட்டு.

தனியார் உரிமம் முதற்படி. அடுத்தது, மேகத்துக்குள் வெளியே ஒன்றும் தெரியாதபோது கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் தகுதி. அதற்கும் அடுத்தது வணிக விமானி உரிமம். அதற்குப் பொதுவாக 250 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இவற்றுக்குப் பிறகே பயிற்றுநர் தேர்வு எழுதலாம். வயதும் பதினெட்டு ஆகியிருக்க வேண்டும்.

அந்தத் தேர்வில்தான் ஒரு வியப்பு இருக்கிறது. விமானத்தைப் பற்றிய கேள்வித்தாள் ஒன்று. அதைத் தவிர ‘கற்பிக்கும் கலை’ பற்றியே தனியாக ஒரு கேள்வித்தாள் உண்டு! மாணவர் எவ்வாறு கற்கிறார், பயம் கற்றலை எவ்வாறு கெடுக்கிறது, எப்போது பாராட்ட வேண்டும், எப்போது திருத்த வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். எட்வர்ட் தார்ண்டைக் என்ற உளவியல் அறிஞர் வகுத்த கற்றல் விதிகளை விமானப் பயிற்றுநர்களும் படிக்கிறார்கள். முதன்முதலில் கற்றது மனத்தில் ஆழப் பதியும் என்பது அவற்றை ஒட்டிய ஒரு விதி. ஆகையால் முதல் நாளே சரியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். தவறாகப் பதிந்ததை அழிப்பது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

கற்றலில் நான்கு படிகள் உண்டு என்றும் அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. மனப்பாடம் செய்தல் முதற்படி. புரிந்துகொள்ளுதல் இரண்டாம் படி. செய்து காட்டுதல் மூன்றாம் படி. கற்ற ஒன்றை வேறொன்றுடன் இணைத்துப் பார்த்தல் நான்காம் படி. என்ஜின் நின்றால் வைக்கவேண்டிய வேகத்தின் எண்ணை ஒப்பிப்பவர் முதற்படியில் நிற்கிறார். கீழே வயலா, வாய்க்காலா, மின்கம்பியா என்று பார்த்து, காற்றையும் உயரத்தையும் ஒன்றாக எண்ணி முடிவெடுப்பவர் நான்காம் படியில் நிற்கிறார். தோழியரே, நாம் எந்தப் பாடத்தில் எந்தப் படியில் நிற்கிறோம் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமா?

பயிற்றுநராக விரும்புபவர் ‘ஸ்பின்’ என்னும் சுழற்சியையும் நேரில் அனுபவித்துப் பழக வேண்டும். விமானத்தின் மூக்கு அளவுக்கு மீறி உயர்ந்தால் இறக்கை தன் தூக்கு விசையை இழக்கும். அப்போது ஒரு பக்கமாக வழுவினால் விமானம் பம்பரம்போல் சுழன்றுகொண்டே கீழிறங்கும். அந்நேரம் விசையைக் குறைத்து, சுழலும் திசைக்கு எதிராகக் கால்மிதியை அழுத்தி, மூக்கைத் தாழ்த்த வேண்டும். பயந்தவருடைய கை மூக்கை மேலே இழுக்கத்தான் துடிக்கும். அதுவோ நிலைமையை மோசமாக்கிவிடும். மாணவர் செய்யக்கூடிய பிழையைத் தானே சந்தித்து மீண்டவரால்தான் மாணவரை மீட்க முடியும்.

கையை மடியில் வைத்திருக்கும் கலை

விமானத்தில் மாணவர் இடப்பக்கமும் பயிற்றுநர் வலப்பக்கமும் அமர்வார்கள். ஓட்டும் கருவிகள் இருவர் முன்னும் இருக்கும். ஓட்டுநர் பயிற்சிக் காரில் ஆசிரியர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறதே, அதுபோல.

யார் ஓட்டுகிறார் என்பதில் ஐயம் வரக்கூடாது. ஆகவே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒருவர், “கட்டுப்பாடு உங்களிடம்” என்பார். மற்றவர், “கட்டுப்பாடு என்னிடம்” என்பார். முதல்வர் மீண்டும், “கட்டுப்பாடு உங்களிடம்” என்று உறுதி செய்வார். மூன்று முறை சொல்வது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ‘அவர் ஓட்டுகிறார்’ என்று இருவருமே எண்ணிக்கொண்டால் விமானத்தை ஓட்டுபவர் எவரும் இல்லை!

பயிற்றுநரின் மிகக் கடினமான வேலை எது தெரியுமா? சும்மா இருப்பது. மாணவர் சற்றுக் கோணலாக இறங்கும்போது உடனே பிடுங்கித் தானே இறக்கிவிட்டால் மாணவர் கற்கமாட்டார். மிகவும் தாமதித்தால் இருவருக்கும் ஆபத்து. எவ்வளவு பிழையை விட்டுவைக்கலாம், எந்த இடத்தில் கை நீட்ட வேண்டும் என்பதை அறிந்தவரே நல்ல பயிற்றுநர்.

கை நீட்ட வேண்டிய நேரத்தில் நீட்டிய ஒரு பெண்மணியை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. அவர் பெயர் கார்னீலியா ஃபோர்ட். 1941 டிசம்பர் 7-ஆம் நாள் காலை ஹவாய்த் தீவில் ஒரு மாணவருக்கு அவர் பறக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். வயது இருபத்திரண்டு. திடீரென ஒரு போர் விமானம் நேராகப் பாய்ந்து வந்தது. மாணவரிடமிருந்து கட்டுப்பாட்டைப் பிடுங்கி, முழு விசை கொடுத்து மேலே ஏறி மோதலைத் தவிர்த்தார். கீழே சென்ற விமானத்தின் இறக்கையில் ஜப்பானின் சிவப்பு வட்டம் தெரிந்தது. பேர்ல் துறைமுகத் தாக்குதல் தொடங்கிவிட்டது! அவர் மாணவரைப் பத்திரமாகத் தரைசேர்த்தார். பின்னர் படை விமானங்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் கொண்டுசேர்க்கும் பெண்கள் அணியில் சேர்ந்து, 1943 மார்ச் 21-இல் டெக்சாஸில் நேர்ந்த விபத்தில் உயிர் துறந்தார்.

கற்பிக்க ஆளில்லாமல் போனால்

ஓர் ஆசிரியர் எவ்வளவு அரியவர் என்பது அவர் கிடைக்காதவர்களுக்குத்தான் தெரியும். பெஸ்ஸி கோல்மன் என்ற கறுப்பினப் பெண் விமானம் ஓட்ட ஆசைப்பட்டார். நிறத்தையும் பெண் என்பதையும் காரணம் காட்டி அமெரிக்காவில் எந்தப் பள்ளியும் அவரைச் சேர்க்கவில்லை. அவர் மனம் தளரவில்லை. பிரெஞ்சு மொழி கற்றுக்கொண்டு பிரான்ஸ் நாட்டுக்கே சென்று, 1921-இல் உரிமம் பெற்றுத் திரும்பினார். தம் மக்களுக்காக ஒரு பறக்கும் பள்ளி தொடங்க வேண்டும் என்பது அவர் கனவு. அது நிறைவேறுமுன் 1926-இல் விபத்தில் மறைந்தார்.

அந்தக் கனவை வேறொரு பெண்மணி நிறைவேற்றினார். வில்லா பிரவுன் முதலில் பள்ளி ஆசிரியை. விமானம் பழுதுபார்க்கவும் கற்றுக்கொண்டு, 1938-இல் தனியார் விமானி உரிமமும் பெற்றார். சிகாகோ நகருக்கு அருகில் கார்னீலியஸ் காஃபி என்பவருடன் சேர்ந்து ஒரு விமானப் பள்ளியை நடத்தினார். அவர்களிடம் பயின்றவர்களுள் சிலர் பின்னர் ‘டஸ்கீகி விமானிகள்’ என்று புகழ்பெற்ற கறுப்பினப் போர் விமானிகளுடன் சேர்ந்தனர். 1942-இல் வில்லா பிரவுன் சிவில் ஏர் பேட்ரோலில் லெப்டினன்ட் ஆனார். அவ்வமைப்பில் அதிகாரிப் பதவி பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. பிற்காலத்தில் மறுபடியும் பள்ளியில் கற்பித்தார். தரையிலும் வானிலும் அவர் ஆசிரியையாகவே வாழ்ந்தார்!

நண்பரிடம் ‘இல்லை’ என்று சொல்லும் துணிவு

இனிச் செக் பைலட்டிடம் வருவோம். பயிற்றுநர் உரிமம் பெற்றவர் சிவில் ஏர் பேட்ரோலின் தேர்விலும் தேறி அங்கே பயிற்றுநர் ஆகிறார். அவர்களுள் பக்குவம் வாய்ந்தவர்களைத் தேர்ந்தெடுத்து, எல்லா ஊரிலும் ஒரே அளவுகோலால் சோதிக்க வேண்டும் என்பதற்காகத் தனிப் பாடம் ஒன்று நடத்துகிறார்கள். பொதுத் தேர்வுத் தாள் திருத்தும் ஆசிரியர்கள் அனைவருக்கும் ஒரே விடைக்குறிப்பு கொடுப்பதுபோல என்று கொள்ளலாம். அதன்பின் எழுத்துமூலம் நியமனம் கிடைக்கும். செக் பைலட்டையும் யாராவது சோதிக்க வேண்டுமே? அதற்கென அவருக்கு மேல் தேர்வாளர்கள் இருக்கிறார்கள். சோதிக்கப்படாதவர் என்று அங்கே எவரும் இல்லை.

ஆனால் படிவமும் பாடமும் கற்றுத்தர முடியாத ஒன்று உண்டு. இது தொண்டு அமைப்பு. சோதிப்பவரும் சோதிக்கப்படுபவரும் ஒரே ஊர்க்காரர்கள். ஒன்றாகத் தேநீர் அருந்துபவர்கள். எதிரே அமர்ந்திருப்பவர் தம்மைவிட வயதில் மூத்தவராக, ஊரில் மதிப்புள்ளவராக, பல்லாண்டு பறந்தவராக இருக்கலாம். அன்றைக்கு அவர் சரியாக ஓட்டவில்லை. “போகட்டும், நம்மவர்தானே! சம்பளமா வாங்குகிறார்? சேவைதானே செய்கிறார்!” என்று கையொப்பமிட்டுவிட்டால் நட்பு கெடாது. “ஐயா, இன்னும் சிறிது பயிற்சி செய்துவிட்டு வாருங்கள், நானே உதவுகிறேன்” என்று சொன்னால் முகம் சுளிக்க நேரும். எதைச் செய்வது?

இந்த இடத்தில் ஒரு சிறுமியை நினைத்துக்கொள்ள வேண்டும். சிவில் ஏர் பேட்ரோலில் சேரும் ஒவ்வொரு கேடட்டுக்கும் அறிமுகப் பறப்புகள் உண்டு. என்ஜின் விமானத்தில் ஐந்து, என்ஜின் இல்லாத கிளைடரில் ஐந்து. பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி அடுத்த சனிக்கிழமை அந்த விமானியின் பக்கத்தில் அமரப் போகிறாள். அவளை அனுப்பிவைக்கும் தாய்க்கு அந்த விமானியைத் தெரியாது. எரிபொருளும் காற்றும் தெரியாது. அவர் நம்புவது ஒன்றைத்தான். விவரம் அறிந்த ஒருவர் பார்த்து, சரி என்று கையொப்பமிட்டிருக்கிறார் என்பதை நம்புகிறார். அந்தக் கையொப்பம் பொய்யானால் தாயின் நம்பிக்கையும் பொய்யாகிவிடுகிறது. ஆகவே செக் பைலட் சொல்லும் ‘இன்னும் இல்லை’ என்ற சொல் கடுஞ்சொல் அன்று. முன்பின் பார்த்திராத ஒரு குழந்தைக்காக அவர் காட்டும் அன்பு அது. சொல்லிவிட்டு விலகிப் போகாமல், பயிற்சிக்கும் துணை நின்று, மறுபடி சோதித்து, தேறியபின் கைகுலுக்குபவரே நிறைவான செக் பைலட்.

விமானிகளிடம் இருக்கக்கூடாத ஐந்து மனப்பான்மைகளைப் பயிற்றுநர்கள் சுட்டிக்காட்டுவது வழக்கம். விதியை மதியாமை, அவசரம், ‘எனக்கு ஒன்றும் ஆகாது’ என்ற எண்ணம், வீரம் காட்டும் ஆசை, ‘என்னால் என்ன முடியும்’ என்ற சோர்வு ஆகியவை அவை. சாலையைக் கடக்கும்போதும், தேர்வுக்குப் படிக்கும்போதும் இந்த ஐந்தும் நம்மிடமும் எட்டிப் பார்க்கின்றனவே!

நமக்கு இதில் என்ன பாடம்?

நம்மில் எத்தனை பேர் விமானம் ஓட்டுவோமோ தெரியாது. ஒருவராவது ஓட்டவேண்டும் என்பது எங்கள் ஆசை! ஆனால் நாம் ஒவ்வொருவரும் ஒருநாள் யாருக்காவது கற்றுக்கொடுப்போம். யாருடைய வேலையையாவது பார்த்துச் சரி அல்லது தவறு என்று சொல்லும் இடத்தில் இருப்போம். தாயாக, செவிலியாக, ஆசிரியையாக, அலுவலராக அந்த நாள் வரும். அப்போது மாணவரின் பிழைக்குச் சற்று இடம் கொடுக்கும் பொறுமையும், உரிய நேரத்தில் கை நீட்டும் விழிப்பும், வேண்டியவரிடமும் உண்மையைச் சொல்லும் நெஞ்சுறுதியும் நமக்கு வேண்டும்.

நமது விடைத்தாளில் சிவப்பு மையால் ‘மீண்டும் எழுதுக’ என்று வரும்போது நாம் வருந்துகிறோம். இனி அதைக் காணும்போது, நம்மை நம்பி ஒருநாள் யாரோ பக்கத்தில் அமரப்போகிறார்கள் என்பதை நம் ஆசிரியை முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்கிறார் என்று கொள்வோம். மீண்டும் எழுதுவோம், தேறும்வரை எழுதுவோம்!